கூமாப்பட்டிக்கு வந்து சேர்ந்த ஸ்காட்லாந்துப் பெயர்

கூமாப்பட்டியில் ஒரு காதணி விழாப் பத்திரிகை கைக்கு வந்தது. மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே குலதெய்வம், பிறகு தாய்மாமன்கள் வரிசை. எல்லாம் வழக்கம்போலத்தான். காது குத்தப்போகும் பையனின் பெயர் மட்டும் உறவுமுறைப் பெயர்கள் எதனோடும் சேரவில்லை: பென்னிகுக். பையனின் தாய் கம்பம் பக்கத்துப் பெண். தாய்மாமன்கள் தனியாக அடித்து வைத்திருந்த பிளக்ஸில் அதே பையன் பென்னிகுயிக் ஆகியிருந்தான்.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது கம்பம் பள்ளத்தாக்கில் புதிய விஷயமில்லை. ஆனால் கூமாப்பட்டி பெரியாற்றுப் பாசனத்தில் கிடையாது. வத்திராயிருப்பு வட்டார வயல்களுக்குத் தண்ணீர் பிளவக்கல்லிலிருந்து வருகிறது. அங்கேயும் பெரியாறு அணை என்றே ஓர் அணை உண்டு, பக்கத்தில் கோவிலாறு அணை. பெயர்தான் ஒன்று, ஆறு வேறு. இந்தத் தண்ணீர் அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றுக்குப் போகிறது. அந்த வெள்ளைக்கார இன்ஜினியர் திருப்பிவிட்ட நீரில் ஒரு சொட்டுகூட இந்த ஊர் வயலில் பாய்வதில்லை.

அப்படியிருக்க இந்தப் பெயர் இங்கே எப்படி வந்தது? அதற்கும் முன்னால், எங்கிருந்து கிளம்பியது? குடும்பப் பெயர்களின் தடம் தேடுவது என் வேலை. இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

பிரிட்டிஷ் குடும்பப் பெயர் ஒன்றை விசாரிப்பவர்கள் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள்: ஊர், எழுத்து, ஆள். எந்த ஊரில் முளைத்தது, எத்தனை விதமாக எழுதினார்கள், யார் யார் சுமந்துகொண்டு போனார்கள். நான் ஆளிலிருந்து பின்னோக்கிப் போனேன்.

இந்தியாவில் பிறந்த ஐரோப்பியர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மாகாணவாரியாக இருக்கின்றன. தொகுதிக் குறியீடு N/1 வங்காளம், N/2 சென்னை, N/3 பம்பாய். பெரியாறு என்றதும் சென்னைத் தொகுதிக்குப் போகத்தான் கை நீளும். இந்த ஆளின் பிறப்பை அங்கே தேடிப் பயனில்லை. அவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். தேட வேண்டியது பம்பாய்த் தொகுதி. தமிழ்நாட்டோடு அவருக்கு ஒட்டு உண்டானது பிறகு, வேலையால்.

அப்பாவின் பெயரும் ஜான் பென்னிகுயிக். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர்க் குடும்பம், ராணுவக்காரர். 1811இல் ஜாவாவைப் பிடித்த படையிலும், 1839இல் கஜினிக் கோட்டை முற்றுகையிலும் இருந்தவர். 1849 ஜனவரி 13 அன்று, இரண்டாம் சீக்கியப் போரில், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் சிலியன்வாலாவில் ஒரு பிரிகேடை நடத்திப் போய் விழுந்தார். அதே படையில் இருந்த மகன் அலெக்சாண்டருக்கு வயது பதினேழு. தகப்பனின் உடலைக் காத்து நின்று அவனும் அங்கேயே மடிந்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து இளைய மகன் ஜானுக்கு எட்டு வயது நிறைந்தது. பதிவேட்டில் இவை இரண்டும் வெறும் தேதிகள். பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்த பிறகு எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

அந்தச் சிறுவன் செல்டன்ஹாம் கல்லூரியில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், 1858இல் சென்னைப் பொறியாளர் படைக்குத் தேர்வாகி, 1860இல் இந்தியா வந்து சேர்ந்தான். அடிஸ்கோம் பற்றியும் சென்னைப் பொறியாளர் படை பற்றியும் ஹென்றி விபார்ட் எழுதிய தடித்த புத்தகங்கள் உண்டு. பெயர் தேடுபவருக்கு அவை ஒரு சுரங்கம். 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா சேமியர் என்ற பெண்ணோடு திருமணம். சேமியரும் அரிய பெயர்தான். பிரான்சிலிருந்து மத நெருக்கடியில் வெளியேறிய புராட்டஸ்டண்டுக் குடும்பத்துப் பெயர். அது தனி ஆய்வுக்கு உரியது, இங்கே தொடவில்லை.

பெயரின் வேர் எடின்பரோவுக்குத் தெற்கே, வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கிறது. பெனிக்குக் என்று ஒரு சின்ன ஊர். 1709இல் அங்கே காகித ஆலை வந்தது. பின்னாளில் ஊருக்கு அடையாளமே காகிதம்தான். வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய பிரிட்டன் மொழியில் அந்த ஊர்ப் பெயருக்குக் குயில் குன்று என்று பொருள் சொல்கிறார்கள். உள்ளூரில் உச்சரிப்பது பெனிக்குக் என்றே. ஆக, தாய்மாமன்களின் பிளக்ஸை விட கூமாப்பட்டிப் பத்திரிகையில் இருந்த பென்னிகுக்தான் ஸ்காட்லாந்துக்காரர் வாயில் வரும் ஒலிக்கு நெருக்கம். யாரோ ஆங்கிலம் படித்தவர் திருத்திக் கொடுத்த எழுத்து அது என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் பென்னிகுக் என்ற ஒலியைக் கேட்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் குயிக், குவிக் என்றார்கள். காதால் கேட்டவர்கள் குக் என்றார்கள். அணை வேலையில் நின்ற கூலியாட்கள் துரைகள் பேசக் கேட்டதுதான் வாய்வழியாக இறங்கி வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

1296இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டுக்குப் பணிந்து ஸ்காட்லாந்து நிலக்கிழார்கள் முத்திரையிட்ட பட்டியல் ஒன்று உண்டு, ராக்மன் சுருள் என்பார்கள். பெனிக்குக் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஹியூ என்பவர் அதில் இருக்கிறார். அன்றைக்கு அது நிலத்தின் பெயர். நிலம் வைத்திருந்தவன் அதைச் சூடிக்கொண்டான். பிறகு நிலம் கைமாறியது. 1654இல் ஜான் கிளார்க் என்ற வணிகர் பெனிக்குக் பண்ணையை விலைக்கு வாங்கினார். மின்காந்த அலைகளுக்குக் கணக்கு எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், அந்தக் கிளார்க் குடும்பத்துக் கிளையில் வந்தவர்தான். நிலம் கிளார்க்குகளிடம் போயிற்று, பெயர் மட்டும் பழைய குடும்பத்தாரோடு ஊரை விட்டு வெளியேறியது. ஊர்ப் பெயரைச் சுமக்கும் குடும்பங்களில் பலவற்றின் கதை இதுவே. ஊரை விட்டுப் போனவனைத்தான் மற்றவர்கள் ஊர்ப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

எழுத்துத்தான் அடுத்த சிக்கல். 1652 முதல் 1722 வரை வாழ்ந்த மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் தன் பெயரைப் பென்னெகுயிக் என்று ஒரு விதமாக எழுதினார். படைக் குடும்பம் வேறு விதமாக எழுதியது. இன்று ஸ்காட்லாந்தில் கூடுதலாகத் தென்படுவது பென்னிகுக், அதாவது சமையல்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வாலில் ஒட்டிய வடிவம். ஸ்காட்லாந்தில் பிறப்பு இறப்பை அரசே பதியத் தொடங்கியது 1855இல். அதற்கு முன்பு தேவாலயத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு ஒரு எழுத்து. இதைச் சமாளிக்க ஆவணக்காரர்களிடம் சவுண்டெக்ஸ் என்ற பழைய கருவி ஒன்று இருக்கிறது. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளி, மெய்களுக்கு எண் போடுவார்கள். இந்தப் பெயரை எந்த வடிவத்தில் கொடுத்தாலும் பி 522 என்ற ஒரே குறியீடுதான் வரும். நானே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஊர்ப் பெயரும்கூட அதே எண்ணில் வந்து விழுகிறது. தமிழில் எனக்கு அந்த வசதி இல்லை. பென்னிகுக், பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னி குவிக் என்று தனித்தனியாகத்தான் தேட வேண்டியிருந்தது.

பிரிட்டனில் இந்த எழுத்தோடு கூடிய குடும்பம் சிறியது, ஆனால் பல திசைக்கும் போயிருக்கிறது. சார்லஸ் எட்வர்ட் டூகாட் பென்னிகுயிக் இலங்கை சிவில் சர்வீஸில் உயர்பதவி வகித்தார். ஜேம்ஸ் பென்னிகுயிக் என்ற இளம் ராணுவப் பொறியாளர், 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை நெருங்கி வரும்போது மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போய், பிரான்சில் பொன்ட்வாஸ் பாலத்தைத் தகர்த்தார். அணை கட்டியவரின் மகன் சர் ஜான் பென்னிகுயிக் இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்தார். பறவைகள் பறக்கும் முறையை ஆராய்ந்து பேர்பெற்ற காலின் பென்னிகுயிக், பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்தவர். இந்தப் பட்டியலில் தேனியும் கம்பமும் எங்கும் வராது. குருதிவழித் தேடல் இங்கே முடிந்துவிடுகிறது.

ஆகவே அணைக்கு வர வேண்டும். மேற்கே வீணாகப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுயிக்குடையது அன்று. 1789இலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808இல் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி பார்த்துவிட்டு ஆகாது என்றார். 1850இல் ஃபேபர் ஒரு சிறு அணையைத் தொடங்கிக் கைவிட்டார். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் அரசைத் தட்டி எழுப்பிய பிறகு, 1882இல் பென்னிகுயிக்கிடம் திட்டம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். நாள் நாளாக என்ன நடந்தது என்பதை அங்கேயே வேலை பார்த்த ஏ. டி. மெக்கன்ஸி 1899இல் அரசு அச்சகம் வெளியிட்ட பெரியாறு திட்ட வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெள்ளத்தில் அடித்துப் போன தற்காலிக அணைகள், சுண்ணாம்பும் சுர்க்கியும் அரைத்த விதம், காய்ச்சலில் செத்த கூலிகள் எல்லாம் அதில் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அரசு பணம் தராததால் பென்னிகுயிக் இங்கிலாந்துச் சொத்தையும் மனைவி நகையையும் விற்று அணை கட்டினார் என்பது மேடை மேடையாகப் பேசப்படும் கதை. நான் பார்த்த எந்தப் பதிவிலும் அதற்குச் சான்று இல்லை. செலவு சென்னை அரசின் கணக்கில்தான் நிற்கிறது. இதைச் சொன்னால் கம்பத்தில் பலருக்கு வருத்தம். எனக்கோ, காட்டு மழையிலும் மலேரியாவிலும் அத்தனை ஆண்டு அந்த வேலையை விடாமல் நடத்தியதே போதுமான பெருமை. அதோடு, பெயர் தெரியாமல் அங்கே புதைந்த ஆட்களின் பங்கையும் அந்தக் கதை மறைத்துவிடுகிறது. இன்னொன்று, 2021இல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்காக இடிக்கப்படவிருந்த பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று சர்ச்சை எழுந்தது. அவர் கேம்பர்லியில் இறந்தது 1911 மார்ச் 9. அந்தக் கட்டடத்தின் வேலை தொடங்கியதே 1912இல் என்று மாவட்ட நிர்வாகம் ஆவணத்தை எடுத்து வைத்தது. ஒரு பெயர் மேல் இத்தனை பிரியம் இருக்கும் இடத்தில் தேதிகளை இரண்டு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, பரவல். பாசனப் படத்தையும் இந்தப் பெயர் தென்படும் இடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பெரும்பாலும் பொருந்துகிறது. லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15 அன்று திறந்த மணிமண்டபம், தேனி புதிய பேருந்து நிலையம், பாலார்பட்டியில் பென்னிகுயிக் பிறந்தநாளை ஒட்டி வைக்கும் பொங்கல், மதுரைப் பொதுப்பணித்துறை வளாகத்துச் சிலை. அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டியே வருவது இந்தப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்பு. வீட்டு வாசலில் பொங்கல் பானை இருக்கும் நேரத்தில் படத்துக்கு மாலை விழுகிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 1979இல் 136 அடிக்கு இறக்கியதும், 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்ததும், இடையில் 2011 டிசம்பரில் அணைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கே சாலையில் திரண்டு நின்றதும் அந்தப் பெயரைத் தாத்தா பேச்சிலிருந்து இளைஞர் வாய்க்குக் கொண்டுவந்தன. பிள்ளைகளுக்கு அதிகமாக வைக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான் என்பது என் கணிப்பு.

வெள்ளைக்காரர் பெயரை மக்கள் தாமாக எடுத்துக்கொள்வது இதுவே முதல் முறையல்ல. ராயலசீமையில் தாமஸ் மன்றோ நினைவாக ஆண் பிள்ளைக்கு மன்றோலப்பா என்றும் பெண்ணுக்கு மன்றோலம்மா என்றும் வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் கால்டுவெல் என்ற பெயர் சாதாரணம். அங்கே திருச்சபை நடுவில் இருந்தது. கம்பத்தில் நடுவில் நின்றது வாய்க்கால்.

ஆனால் கூமாப்பட்டியில் வாய்க்கால் இல்லையே. பையனின் அப்பத்தாவிடம் கேட்டேன். "அவுக அம்மா ஊர்ல தெருவுக்கு ஒருத்தன் இருக்கான் தம்பி, கூப்பிட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பான். இங்க இவன் ஒருத்தன்தான்" என்றார். பெயர் தாய்வழியில், கல்யாணத்தோடு வந்திருக்கிறது. குடும்பப் பெயர் ஆய்வில் இதற்கு இடமே கிடையாது. பிரிட்டனில் பெயர் பெரும்பாலும் தகப்பன் வழியில் இறங்கும், பெண்ணோடு போய் மறையும். இங்கே பெண்தான் அதை மலைக்கு இந்தப் பக்கம் எடுத்து வந்திருக்கிறாள்.

பையனின் அப்பா இன்னொன்று சொன்னார். கூமாப்பட்டிக்கு நேர் மேற்கே மலை தாண்டினால் வருசநாடு, வைகை பிறக்கும் இடம். அதற்குத் தெற்கே, ராஜபாளையத்துக்கு அப்பால் சிவகிரி மலையின் மறுசரிவில் பெரியாறு உற்பத்தியாகிறது. ஒரே மலைத்தொடர், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று ஒரே பெயரில் சேர்த்தும்விட்டார்கள். மேற்கே போகும் நீரை இந்தப் பக்கமும் திருப்ப வேண்டும் என்று அழகர் அணைத் திட்டத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பல தலைமுறையாகக் கேட்டு வருகிறது. "எங்களுக்கும் ஒருத்தர் வரணும்ல சார்" என்றார். அந்த அணை கட்டப்படவில்லை. நன்றியாகக் கம்பத்தில் வைக்கும் பெயரை இந்த வீட்டில் கோரிக்கையாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்தில் ரீல்ஸ் வழியாகக் கூமாப்பட்டியின் பெயர் எங்கும் பரவி, பிளவக்கல் அணையைப் பார்க்க வெளியூர் வண்டிகள் வரிசைகட்டி வந்தன. அணை வாசலில் நின்று பென்னிகுயிக் கட்டியதா என்று விசாரித்தவர்களும் அதில் உண்டு. பெரியாறு என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து வந்த கேள்வி. பிற்காலத்து ஆய்வாளர் யாரேனும் கூமாப்பட்டியில் இந்தப் பெயரைக் கண்டு, பிளவக்கல் பெரியாறோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே தாய் வீடு, ஆண்டு, எழுத்து வடிவம் மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பிற்காலத் தேடல் எப்படி இருக்கும் என்பதை ராஜபாளையம் காட்டிக் கொடுக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் பெயரில் முதலில் நிற்கும் பி என்பது பூசபாடி. ஆந்திரத்திலிருந்து வந்த ராஜுக்களின் வீட்டுப் பெயர்களில் ஒன்று. விஜயநகரம் சமஸ்தானத்துக் குடும்பத்துக்கும், 1936இல் இங்கிலாந்தில் இந்திய கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய விஜயநகரம் மகாராஜகுமாருக்கும் அதே பெயர்தான், அங்கே பூசபாட்டி என்கிறார்கள். அதுவும் ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான், பெனிக்குக் போலவே. பல நூறு மைல் நடந்து வந்த பெயர் ராஜபாளையத்தில் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. விவரம் தெரிந்தவர்தான் விரித்துச் சொல்ல முடியும்.

கூமாப்பட்டிப் பையனின் பெயருக்கும் அதே வழிதான். நம் முறையில் தகப்பன் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்து ஆகும். அவனுக்குப் பிறக்கும் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில், முதலெழுத்தைத் தமிழில் எழுதச் சொல்லும் 2021 டிசம்பர் அரசாணைப்படி, பெ. என்று ஓர் எழுத்து நிற்கும். பேரன் காலத்தில் அதுவும் இருக்காது. ஸ்காட்லாந்தில் எழுநூறு ஆண்டு தாங்கிய பெயர் இங்கே தமிழ் வழக்கப்படி மூன்றாம் தலைமுறையில் உதிர்ந்துவிடும். புதிதாக யாராவது பிள்ளைக்கு வைத்தால் மட்டுமே தொடரும். ஆகவே வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களில் அந்தப் பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்கும் தாள்களை இப்போதே சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்: காதணி விழாப் பத்திரிகைகள், பள்ளி ஆண்டு மலர்கள், கபடிப் போட்டி நோட்டீஸ்கள், பிறகு அந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதாகும்போது வரும் வாக்காளர் பட்டியல்கள்.